ஒரே நாளில் ஆக்ரா: விட்டுப்போன கல்லறையும் நீண்டுபோன கடையும்

தில்லியிலிருந்து காலையில் கிளம்பி, தாஜ்மகாலையும் ஆக்ரா கோட்டையையும் வழிகாட்டியோடு பார்த்துவிட்டு இரவு திரும்பும் ஒருநாள் சுற்றுலா ஒன்றைப் பற்றிய ஆய்வு இது. மேலோட்டமாகப் பார்த்தால் பயணம் நல்லபடியாகவே நடந்தது. யாருக்கும் உடம்புக்கு எதுவும் வரவில்லை, பொருள் எதுவும் தொலையவில்லை, வண்டி வழியில் நிற்கவில்லை. ஆனால் பயணத் திட்டத்தில் எழுதியிருந்த மூன்று இடங்களில் ஒன்று விட்டுப்போனது. எழுதாத ஓர் இடத்தில் ஒன்றேகால் மணி நேரம் கழிந்தது. விட்டுப்போனது இத்மாத்-உத்-தௌலாவின் கல்லறை. திட்டத்தில் இல்லாமல் வந்து சேர்ந்தது ஒரு சலவைக்கல் கடை.

இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து, முட்டிவலியோடு நடந்து, வாழ்நாளில் ஒருமுறை ஆக்ராவைப் பார்க்கிற ஒருவருக்கு அது பெரிய விஷயம்தான். அந்த ஒன்றேகால் மணி நேரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, யார் எடுத்தார்கள், எந்த இடத்தில் தடுத்திருக்க முடியும் என்பதைப் பார்ப்போம்.

பயணிகளும் பேச்சும்

வந்தவர்கள் திருச்சியைச் சேர்ந்த என் அத்தை, மாமா, அவர்கள் மகள், அவளுடைய பதினொரு வயது மகன். நான் தில்லியில் வேலை பார்ப்பதால் மொழிபெயர்க்கவும் துணைக்காகவும் கூடப் போனேன். தமிழ் தெரிந்த வழிகாட்டி வேண்டும் என்று கேட்டோம், கிடைக்கவில்லை. இந்தி, ஆங்கிலம் பேசுபவர் வருவார் என்றார்கள்.

ஏற்பாடு தில்லியில் உள்ள ஒரு பயண நிறுவனத்தின் மூலம். பேச்சு முழுக்க வாட்ஸப்பில்தான் நடந்தது. ஏசி கார், ஓட்டுநர், வழிகாட்டி, நுழைவுச் சீட்டு, மதிய உணவு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. பார்க்கும் இடங்கள் தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, இத்மாத்-உத்-தௌலா. கடைசியில் ஒரு வரி: 'நேரத்தைப் பொறுத்து வரிசை மாறலாம்.' நியாயமான வரியாகத்தான் தெரிந்தது. பின்னால் எல்லாம் அந்த வரியில்தான் வந்து நின்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார் வாடகை, நெடுஞ்சாலைச் சுங்கம், வழிகாட்டிக் கட்டணம், சீட்டு, சாப்பாடு என்று தனித்தனியாகக் கூட்டினால் வரும் தொகையைவிட அவர்கள் கேட்டது குறைவு. அந்தப் பள்ளத்தை யாரோ நிரப்பித்தான் ஆக வேண்டும்.

காலை

கரோல் பாகில் ஆறு மணிக்கு வண்டி வந்துவிட்டது. பிப்ரவரிக் கடைசி, மூடுபனி விலகிய காலம். டிசம்பர், ஜனவரியில் இந்தப் பயணத்துக்கு மூடுபனியே பெரிய எதிரி. பனிக்காலத்தில் யமுனா விரைவுச்சாலையில் கார்களுக்கான வேக வரம்பையே 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைத்துவிடுவார்கள். 2012இல் திறக்கப்பட்ட அந்த 165 கிலோமீட்டர் சாலையில் எங்கள் ஓட்டுநர் நிதானமாக, நன்றாக ஓட்டினார். நடுவழியில் காலை உணவுக்கு நிறுத்திய இடத்தில் முக்கால் மணி நேரம் ஆனது. அந்த உணவகத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார்.

ஆக்ராவைத் தொடும்போது பத்து தாண்டிவிட்டது. தாஜ் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே திறந்துவிடும். முதல் இரண்டு மணி நேரம் கூட்டம் குறைவு, வெயில் இல்லை, கல்லின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பத்து மணிக்குப் போனால் அது எதுவும் கிடைக்காது. ஆனால் தில்லியிலிருந்து காரில் போகும் ஒருநாள் பயணத்துக்கு இது ஏறக்குறைய தவிர்க்க முடியாதது. அதனால் இந்தத் தாமதத்தை யார் குற்றமாகவும் நான் எண்ணவில்லை.

பெட்ரோல், டீசல் வண்டிகள் தாஜை நெருங்க அனுமதி இல்லை. கிழக்கு வாயிலுக்குப் போகிறவர்கள் ஷில்ப்கிராம் நிறுத்துமிடத்தில் இறங்கி மின்கல வண்டியில் போக வேண்டும். அங்கேதான் வழிகாட்டி சேர்ந்துகொண்டார். நாற்பது வயதுக்காரர், கழுத்தில் சுற்றுலா அமைச்சகத்தின் அடையாள அட்டை. வண்டியிலிருந்து இறங்கியதுமே நாலைந்து பேர் சூழ்ந்தார்கள்: வழிகாட்டி வேண்டுமா, போட்டோ வேண்டுமா, வரிசையில் நிற்காமல் உள்ளே கூட்டிப் போகட்டுமா. இவர்களை ஆக்ராவில் 'லப்கா' என்பார்கள். எங்கள் வழிகாட்டி இரண்டே வார்த்தையில் அவர்களை விலக்கினார். அட்டை உள்ள வழிகாட்டி கூட இருப்பதில் முதலில் கிடைக்கும் நன்மை இதுதான்.

சீட்டு வாங்கும் இடத்தில் முதல் நெருடல். 'நுழைவுச் சீட்டு உட்பட' என்றால் இந்தியர்களுக்கான 50 ரூபாய்ச் சீட்டு மட்டும்தானாம். கல்லறை மண்டபத்துக்குள் ஏற 2018 டிசம்பரிலிருந்து தனியாக 200 ரூபாய் வாங்குகிறார்கள். அது நம் பொறுப்பு. பையனுக்குப் பதினைந்து வயதாகவில்லை, சீட்டே வேண்டாம். அத்தை மகள் எதுவும் பேசாமல் மிச்சத்தைக் கொடுத்தாள். சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

தாஜில்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து அந்த மனிதரை எடை போட்டுவிடக் கூடாது.

அவர் அருமையான வழிகாட்டி. உள்ளே போனதும் தாஜைக் காட்டவில்லை. பெருவாயிலுக்கு முன்னால் உள்ள முற்றத்தில் நிழல் பார்த்து அத்தையை உட்காரவைத்தார். வாயிலைச் சுற்றி ஓடும் எழுத்துகளைக் காட்டி, மேலே போகப் போக எழுத்தின் அளவு கூடுவதால்தான் கீழிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிகின்றன என்றார். எழுதியவர் பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த அமானத் கான், அவர் கையொப்பம் கல்லறை மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறது என்றார். அப்புறம் பையனை வாயில் வளைவுக்குள் நிறுத்தி, தாஜைப் பார்த்தபடியே பின்னால் நடக்கச் சொன்னார். பின்னால் போகப் போகக் குவிமாடம் பெரிதாகிக்கொண்டே வருவதுபோல் இருக்கும். பையன் ஐந்தாறு தடவை முன்னும் பின்னும் நடந்தான்.

தோட்டத்தில் நின்று அவர் சொன்னது எனக்கே தெளிவைத் தந்தது. தில்லியில் ஹுமாயூன் கல்லறை நாற்சதுரத் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. இங்கே கல்லறை தோட்டத்தின் கடைசியில், யமுனைக் கரையில் நிற்கிறது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதே அகலத்தில் மெஹ்தாப் பாக் தோட்டம் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் தாஜ் நடுவில்தான் இருக்கிறது, ஆறும் தோட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அவர் சொன்ன பிறகுதான் மாமா படிகள் ஏறி ஆற்றுப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார்.

அத்தை கேட்டது வேறு. மும்தாஜ் எப்படி இறந்தாள்? 1631இல் புர்ஹான்பூரில், பதினான்காவது பிரசவத்தில், முப்பத்தெட்டு வயதில் என்று நான் மொழிபெயர்த்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர்தான் தங்கினார்கள். "பதினாலா? பாவம்டா அவ" என்றார் அத்தை. வேறெதுவும் சொல்லவில்லை. கணவன் போர்முனைக்குப் போகும்போதெல்லாம் கூடவே போன பெண் அவள். முதலில் புர்ஹான்பூரிலேயே புதைத்து, சில மாதங்கள் கழித்து உடலை ஆக்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். 1632இல் வேலை தொடங்கியது. கல்லறை மண்டபம் முடியப் பத்தாண்டுக்கு மேல் ஆனது, மொத்த வளாகமும் முடிய ஏறத்தாழ இருபது ஆண்டு.

கைகளை வெட்டிய கதையையும் பையன் கேட்டான். எல்லா வழிகாட்டிகளும் கண்ணை உருட்டிச் சொல்லும் கதை அது. இவர் நிதானமாக மறுத்தார். தாஜ் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1639இல், ஷாஜகான் தில்லியில் செங்கோட்டையையும் புது நகரத்தையும் கட்டத் தொடங்கிவிட்டார். அங்கேயும் தலைமைக் கட்டடக் கலைஞர் அதே உஸ்தாத் அகமத் லாகோரி. வேலைக்காரர்களின் கையை வெட்டினால் அடுத்த நகரத்தை யாரை வைத்துக் கட்டுவது என்று பையனிடமே திருப்பிக் கேட்டார். நல்ல ஆசிரியர் செய்யும் காரியம்.

மண்டபத்துக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. கல்சல்லடைத் தடுப்பின் பூ வேலையில் சிறிய டார்ச் ஒன்றை வைத்துக் காட்டினார். செங்கார்னீலியன் என்ற சிவப்புக் கல்லில் செய்த இதழ்கள் உள்ளிருந்து தணல் போல் ஒளிர்ந்தன. மும்தாஜின் கல் சரியாக நடுவில் இருக்கிறது, ஷாஜகானின் கல் பக்கத்தில் ஒதுங்கி இருக்கிறது. இந்த வளாகத்தின் கச்சிதமான சமச்சீரைக் குலைப்பது அது ஒன்றுதான் என்றார். உண்மையான புதைகுழிகள் கீழறையில் இருக்கின்றன. ஷாஜகானின் உர்ஸ், அதாவது நினைவு விழா நாட்களில் மட்டும் அதைத் திறப்பார்கள்.

எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது என்றுதான் அந்த நிமிடத்தில் எல்லோரும் நினைத்தோம்.

கடையில்

மதிய உணவும் அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில். சாப்பாடு சுமார், விலைப் பட்டியல் அசத்தல். அது முடிந்து வண்டியில் ஏறியதும், தாஜில் பார்த்த கல்பதிப்பு வேலையை இன்றும் செய்கிறவர்களின் பட்டறை ஒன்று வழியில் இருக்கிறது, பதினைந்து நிமிடம் போதும், வாங்கக் கட்டாயம் இல்லை என்றார் வழிகாட்டி.

முதல் பதினைந்து நிமிடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. வாசலில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் கையால் சுழற்றும் சாணைக் கல்லில் நகக்கண் அளவு இதழ் ஒன்றைத் தேய்த்தார். இன்னொருவர் சிவப்புப் பூசிய வெள்ளைக் கல்லில் கூரிய ஊசியால் கோடு இழுத்தார். சிவப்பின் மேல் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரியும், அதற்காகத்தான் பூசுகிறார்கள். அந்தக் கோட்டின்படி குடையும் பள்ளத்தில் இதழ் அச்சாக உட்கார வேண்டும். இந்த வேலை ஆக்ராவில் இன்னும் உயிரோடு இருக்கிறது, செய்பவர்கள் பெரிய கலைஞர்கள். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

பிறகு மாடிக்குக் கூட்டிப் போனார்கள். விளக்கு அணைந்தது, அதே டார்ச் வித்தை இங்கே ஒரு மேசைப் பலகையின் கீழே நடந்தது. தேநீர் வந்தது. விலை ஐம்பதாயிரத்தில் தொடங்கி, நாங்கள் தலையசைக்க மறுக்க மறுக்கச் சின்னச் சின்னப் பொருளாக இறங்கிக்கொண்டே வந்தது. வழிகாட்டி அறையில் இல்லை. ஓட்டுநரும் இல்லை. வண்டி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

கடைசியாக ஒரு வெள்ளைச் சிமிழ், பக்கத்தில் பூ வேலை. அசல் மக்ரானா சலவைக்கல், தாஜ் கட்டிய அதே கல் என்றார் விற்பவர். அத்தை அதை வாங்கிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், அடிப்பக்கத்தில் நகத்தால் ஒரு கீறு கீறினார். கோடு விழுந்தது. "இது மாக்கல்லுடா. நம்ம கல்சட்டி செய்யற கல்லு வகை. இத அவன் சலவைக்கல்லுங்கறான்" என்று என்னிடம் சொன்னார். ஐம்பது வருடமாகக் கல்சட்டியில் வத்தக்குழம்பு வைத்த கை. சலவைக்கல் நகத்துக்குக் கீறாது, மாக்கல் கீறும். ஆக்ராவில் மாக்கல்லில் அழகான பொருள்கள் செய்து நேர்மையாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் சலவைக்கல் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

ஆனாலும் அத்தை மகள் எதையாவது வாங்கிக்கொண்டு வெளியே வரத்தான் விரும்பினாள். தேநீர் குடித்தாகிவிட்டது, விற்பவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரு சிறிய தட்டு வாங்கினாள். ரசீது கையில் வந்த பிறகு வழிகாட்டியும் வண்டியும் வந்தன.

கோட்டையில்

அமர் சிங் வாயிலில் நுழையும்போது நான்கு மணி ஆகிவிட்டது. காலையில் பேசியவரா இவர் என்று தோன்றும்படி வழிகாட்டி சுருக்கிவிட்டார். அக்பர் கட்டியது, 1565இல் தொடங்கி எட்டு ஆண்டு, செம்மணற்கல். ஷாஜகான் பின்னால் வெள்ளைக் கல் மண்டபங்கள் சேர்த்தார். கோட்டையின் பெரும்பகுதி ராணுவத்திடம், மோத்தி மசூதிக்குள் அனுமதி இல்லை. வாங்க, வாங்க.

ஜஹாங்கீர் மகாலின் முன்னால் ஒரே கல்லில் குடைந்த பெரிய தொட்டியைப் பையன் சுற்றிச் சுற்றி வந்தான். பொது மண்டபத்துக்கு எதிரே புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரர் கல்லறை இருக்கிறதே, அது ஏன் இங்கே என்று கேட்டான். அருமையான கேள்வி. வழிகாட்டி காதில் வாங்காமல் முன்னே போய்விட்டார். நான்தான் சொன்னேன்: அவர் ஜான் ரஸ்ஸல் கால்வின், வடமேற்கு மாகாணங்களின் துணை ஆளுநர். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டைக்குள் அடைந்துகிடந்தபோது இறந்தார், வெளியே கொண்டுபோக முடியாமல் உள்ளேயே புதைத்தார்கள்.

முசம்மன் புர்ஜ் என்ற எண்கோணக் கோபுரத்தின் பக்கம் போனபோது வெயில் சாய்ந்திருந்தது, தாஜ் ஆற்று வளைவுக்கு அப்பால் தெரிந்தது. 1658இல் ஔரங்கசீப் தந்தையைச் சிறைவைத்த இடம் இந்தக் கோட்டை. 1666இல் இறக்கும்வரை ஷாஜகான் இங்கேதான் இருந்தார், மகள் ஜஹானாரா கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அத்தை உட்கார இடம் தேடினார். ஐந்து நிமிடம் இருக்கலாமா என்று கேட்டேன். நேரமில்லை என்றார் வழிகாட்டி.

வெளியே வந்ததும் அத்தை மகள் இத்மாத்-உத்-தௌலாவைப் பற்றிக் கேட்டாள். வழிகாட்டி ஓட்டுநரைப் பார்த்தார், ஓட்டுநர் நிறுவனத்துக்குப் போன் செய்தார். ஆற்றுப் பாலத்தில் நெரிசல், போவதற்குள் மூடிவிடுவார்கள், திட்டத்திலேயே 'நேரத்தைப் பொறுத்து' என்று எழுதியிருக்கிறதே என்று பதில் வந்தது. சூரியன் மறைய இன்னும் முக்கால் மணிக்கு மேல் இருந்தது. சரி, கிளம்பிவிட்டோம். தில்லி வர இரவு பத்து மணி ஆனது. ஏறத்தாழ பதினாறு மணி நேரப் பயணத்தில் நினைவுச்சின்னங்களுக்குள் நின்றது இரண்டரை மணிக்குக் கொஞ்சம் குறைவு.

ஏன் இப்படி நடக்கிறது

வாயிலில் வண்டிக்குக் காத்திருந்தபோது வழிகாட்டியிடம் நேராகவே கேட்டேன். அவரும் மறைக்கவில்லை. நிறுவனம் தரும் தொகை வழக்கமான வழிகாட்டிக் கட்டணத்தைவிட மிகக் குறைவு, சில நாட்களில் ஒன்றுமே இல்லை. கடையில் எந்த வண்டி, எந்த வழிகாட்டி என்று எழுதிக்கொள்வார்கள். விற்றால் அவருக்கும் ஓட்டுநருக்கும் நிறுவனத்துக்கும் பங்கு. கடைக்குக் கூட்டிப் போகாவிட்டால் அடுத்த முறை வேறு ஆளை அழைத்துக்கொள்வார்கள். தேர்வெழுதி உரிமம் வாங்கி, பாரசீக எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட மனிதர் பிற்பகலில் தட்டு விற்க நிற்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குச் சம்பளம் வரும் வழியைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

இதைப் புரிந்துகொண்டால் அன்றைய நாளின் வரிசை தற்செயல் அல்ல என்பது தெரியும். கடை ஒருபோதும் முதலில் வராது. தாஜின் பூ வேலையைப் பார்த்து மனம் நிறைந்த பிறகுதான் அதே வேலை உள்ள பொருள் மேல் ஆசை வரும். கடைசியிலும் வராது. எல்லாம் பார்த்தாகிவிட்டால் களைப்பு, வேண்டாம், நேரே தில்லிக்கு விடுங்கள் என்று சொல்லிவிடலாம். தாஜ் முடிந்து, கோட்டை பாக்கி இருக்கும்போதுதான் பயணி சொன்ன பேச்சைக் கேட்பார். அடுத்து, மூன்றில் எதை வெட்டுவது? தாஜைத் தொட முடியாது, கோட்டையை விட்டால் சண்டை வரும். பலருக்குப் பெயரே பழக்கமில்லாத இத்மாத்-உத்-தௌலாவை விட்டால் கேட்க ஆளில்லை. அதனால் அது எப்போதும் மூன்றாவதாகவே எழுதப்படுகிறது.

விட்டுப்போனது என்ன

வெட்டப்பட்ட இடம்தான் தாஜைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் என்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

மிர்சா கியாஸ் பேக் பாரசீகத்திலிருந்து நொடித்துப்போய் இந்தியா வந்தவர். வரும் வழியில் கந்தகாரில் பிறந்த மகள்தான் பின்னாளில் நூர்ஜகான் ஆனாள். ஜஹாங்கீர் காலத்தில் அவர் இத்மாத்-உத்-தௌலா என்ற பட்டத்தோடு அரசின் உச்சப் பதவிக்கு உயர்ந்தார். அவர் மகன் ஆசப் கான். ஆசப் கானின் மகள் அர்ஜுமந்த் பானு, அதாவது மும்தாஜ். தாஜில் படுத்திருப்பவளின் தாத்தாவும் பாட்டியும் யமுனையின் மறுகரையில் இந்தச் சின்னக் கல்லறையில் இருக்கிறார்கள்.

கட்டியது நூர்ஜகான், 1622 முதல் 1628 வரை. தாஜ் தொடங்குவதற்கு நான்கு ஆண்டு முன்பே முடிந்துவிட்டது. முழுக்க வெள்ளைச் சலவைக்கல், சுவர் முழுக்கக் கல்பதிப்பு. சைப்ரஸ் மரங்கள், பூச்சாடிகள், பழங்கள், மதுக்குப்பிகள், கோலம் போல விரியும் வடிவங்கள். தாஜில் பூ வேலையைக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறோம், கூட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும். இங்கே கல் கண்ணுக்கு நேரே இருக்கிறது, ஒரு பூவின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அத்தை போன்ற ஒருவருக்கு ஏற்ற இடம்: சின்னத் தோட்டம், குறைந்த நடை, உட்கார நிழல்.

உள்ளே இன்னொன்று இருக்கிறது. நடுவில் இருப்பது மனைவி அஸ்மத் பேகத்தின் கல், கணவரின் கல் அவள் பக்கத்தில். தாஜில் உள்ள அதே அமைப்பு. ஷாஜகானின் கல் ஒதுங்கியிருப்பதைக் காட்டி, அவர் தனக்கென்று ஆற்றுக்கு அப்பால் கறுப்புத் தாஜ் கட்ட நினைத்தார், மகன் விடவில்லை என்பார்கள். பிரெஞ்சு வணிகர் தாவர்னியே 17ஆம் நூற்றாண்டிலேயே அப்படி எழுதிவைத்தார். ஆனால் 1990களில் மெஹ்தாப் பாகைத் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது கறுப்புத் தாஜின் அடித்தளம் அல்ல, தாஜின் பிம்பம் தெரியும்படி அமைத்த பெரிய எண்கோணக் குளம். இத்மாத்-உத்-தௌலாவைப் பார்த்துவிட்டுத் தாஜுக்குள் போகிறவருக்கு ஷாஜகானின் கல் புதிராகவே தெரியாது. மனைவியை நடுவில் வைத்துக் கணவனைப் பக்கத்தில் வைப்பது அந்தக் குடும்பத்தில் முன்பே நடந்ததுதான்.

இன்னொரு குடும்பம்

ஒப்பிட்டுப் பார்க்க, என் அலுவலக நண்பர் தன் பெற்றோரை அழைத்துப்போன பயணத்தைச் சொல்கிறேன். அவர்கள் புதுதில்லியில் காலை ஆறு மணிச் சதாப்தியில் ஏறி எட்டு மணிவாக்கில் ஆக்ரா கன்டோன்மென்ட்டில் இறங்கினார்கள். திரும்பியது மாலை 5.50க்குக் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸில், நூறே நிமிடத்தில் நிஜாமுதீன். அங்கே கையில் இருந்தது ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். உரிமம் உள்ள வழிகாட்டியிடம் முன்பே போனில் பேசி, முழுநாள் கட்டணத்தை அவர் கையிலேயே தருகிறோம், கடை கிடையாது என்று முடிவு செய்துகொண்டார்கள். முதலில் இத்மாத்-உத்-தௌலா, பிறகு கோட்டை, மதியம் சாப்பாடு, கடைசியில் தாஜ்.

அவர்களுக்கும் எல்லாம் கிடைக்கவில்லை. தாஜில் பிற்பகல் கூட்டம் அதிகம், மண்டபத்துக்குள் ஏறும் வரிசையிலேயே பாதி நேரம் போனது. வழிகாட்டிக்கும் உள்ளூர் டாக்சிக்கும் தனித்தனியாகக் கொடுத்ததில் மொத்தச் செலவு எங்களுடையதைவிடக் கூடுதல். ஆனால் வழிகாட்டி மாலைவரை காலையில் இருந்தவராகவே இருந்தாராம். கால்வின் கல்லறையைப் பற்றி அவர்கள் கேட்காமலேயே சொன்னாராம். சலவைக்கல் பொருள் வேண்டும் என்று நண்பரின் அம்மா கேட்டபோது, பங்கு வாங்காத ஒரு பட்டறையின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, தான் கூட வந்தால் விலை ஏறும், நீங்களே போங்கள் என்றாராம்.

பிறகு

தில்லி திரும்பியதும் அத்தை மகள் நிறுவனத்துக்கு எழுதினாள். திட்டத்தில் உள்ள இடம் விட்டுப்போனது, இல்லாத இடத்துக்குக் கூட்டிப் போனது, இரண்டையும் நேரக் குறிப்போடு எழுதினாள். முதலில் 'நேரத்தைப் பொறுத்து' வரியையே திருப்பி அனுப்பினார்கள். நேரம் கடையில் போனதற்கு ரசீதில் உள்ள மணியே சாட்சி என்று ரசீதின் படத்தை அனுப்பினாள். சுற்றுலா அமைச்சகத்தின் 1363 உதவி எண்ணில் புகார் செய்யப்போவதாகவும் எழுதினாள். இரண்டு நாள் கழித்து இத்மாத்-உத்-தௌலா நுழைவுச் சீட்டுக்கான தொகையை மட்டும் திருப்பித் தந்தார்கள். கடைக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று கடைசிவரை சொன்னார்கள்.

அக்டோபரில் மாமாவின் தம்பி குடும்பம் வருகிறது. அவர்களுக்காக அத்தை மகள் பயண நிறுவனங்களுக்கு அனுப்பிய செய்தியில் இப்படி இருக்கிறது: மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தபட்ச நேரம், இத்மாத்-உத்-தௌலா முதலில். மண்டபச் சீட்டும் கட்டணத்தில் சேர வேண்டும். கடை எதுவும் கிடையாது. வழிகாட்டிக் கட்டணத்தை நாங்களே நேராகத் தருவோம், அதைக் கழித்து விலை சொல்லுங்கள். நான்கு நிறுவனங்களுக்கு அனுப்பினாள். இரண்டு பதிலே சொல்லவில்லை. ஒன்று விலையைக் கணிசமாக ஏற்றிச் சொன்னது. இன்னொன்று எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி வெள்ளிக்கிழமை நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது. தாஜுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேதியை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறாள்.